ட்ரிகரை ஊரிலேயே ஓட்டிப் பாருங்கள்: மூளை ஸ்கேனரோடு உளவியல் சோதனையை நேரம் பொருத்தும் வழி

ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு எஃப்.எம்.ஆர்.ஐ (மூளை வேலை செய்வதை ரத்த ஓட்ட மாற்றத்தின் வழியாகப் படமெடுக்கும் முறை) ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் தூரம்தான். பங்கேற்பாளர்கள் பாம்பனிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் இருப்பார்கள். ட்ரிகர் (ஸ்கேனர் அனுப்பும் நேரக் குறி), திரை, ரெஸ்பான்ஸ் பாக்ஸ் (பதில் பொத்தான் பெட்டி) மூன்றும் ஒன்றாக அமைந்த ஸ்கேனர் மதுரையிலோ அதற்கும் அப்பாலோ இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே ஏறத்தாழ 170 கி.மீ. அங்கே போய் நின்ற பிறகு கணினி ட்ரிகரை எடுக்கவில்லை என்று தெரிந்தால் அன்றைய ஸ்கேன் கட்டணம், நீங்கள் கூட்டிவந்த பங்கேற்பாளரின் ஒரு நாள் கூலி, வண்டிச் செலவு எல்லாம் போச்சு. அவரை இன்னொரு முறை கூப்பிட வாயும் வராது.

வேலை இதுதான். ஸ்கேனர் ஒவ்வொரு முறை முழு மூளையையும் படமெடுக்கத் தொடங்கும்போதும் ஒரு மின் துடிப்பை வெளியே அனுப்பும். அதுதான் ட்ரிகர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளி டி.ஆர், பெரும்பாலும் 2 நொடி, புதிய சீக்வென்ஸ்களில் (ஸ்கேனர் படமெடுக்கும் முறைகளில்) 1 நொடிக்கும் குறைவு. நடுவில் இருக்கும் ட்ரிகர் பெட்டி அந்தத் துடிப்பைக் கணினிக்கு ஒரு விசை அழுத்தமாக, பெரும்பாலும் '5' என்ற விசையாக, மாற்றித் தரும். உங்கள் மென்பொருள் முதல் '5' வந்த கணத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு, காட்டும் ஒவ்வொரு படத்தையும் வரும் ஒவ்வொரு பதிலையும் அந்தப் பூஜ்ஜியத்திலிருந்து கணக்கிட்டு எழுத வேண்டும். இது பிசகினால் யாருக்கும் தெரியாது. மூளைப் படம் தெளிவாகத்தான் வரும், பதில்களும் பதிவாகியிருக்கும். இரண்டும் வேறு வேறு நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வேலையின் பெரும்பகுதியை ஸ்கேனர் இல்லாமலே வீட்டு மேசையில் முடித்துவிடலாம். ஸ்கேனர் அறையில் எதையும் முதல்முறையாகச் செய்யாதீர்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. மையத்திடம் முதலில் கேட்க வேண்டியவை

பணம் பேசுவதற்கு முன்னால் இவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால், ஷிஃப்ட் மாறியதும் அடுத்த டெக்னீஷியன் வேறு பதில் சொல்வார்.

முதல் கேள்வி: எஃப்.எம்.ஆர்.ஐ எடுக்கத் தேவையான சீக்வென்ஸ் உரிமம் அந்த இயந்திரத்தில் இருக்கிறதா? நோயறிதலுக்காக மட்டும் வாங்கிய இயந்திரங்களில் அது இல்லாமல் போகலாம். இரண்டாவது: ட்ரிகர் வெளியே எடுக்கப்பட்டிருக்கிறதா? சீமென்ஸ் இயந்திரங்களில் ட்ரிகர் பெரும்பாலும் ஒளியிழை வழியாக வரும். அதை மின் துடிப்பாக மாற்றித் தரும் பெட்டி தனியாக வேண்டும். இயந்திரம் நல்லது, பெட்டி இல்லை என்றால் உங்களுக்குப் பயனில்லை.

பெட்டி இருந்தால், அது கணினிக்கு எப்படி வருகிறது: யு.எஸ்.பி விசைப்பலகையாகவா, சீரியல் போர்ட்டாகவா, பேரலல் போர்ட்டாகவா? விசைப்பலகை என்றால் எந்த விசை? '5' என்று நினைத்துப் போவீர்கள், அங்கே ஆங்கில 'டி' எழுத்துக்கு வைத்திருப்பார்கள். ரெஸ்பான்ஸ் பாக்ஸின் பொத்தான்கள் எந்தெந்த விசைகள்? ஐந்து பொத்தான் பெட்டியில் ஐந்தாவது பொத்தானும் '5' அனுப்பினால் ட்ரிகரோடு மோதும்.

ட்ரிகர் முழு மூளைக்கு ஒன்றா, ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் (மூளையின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்துக்கும்) ஒன்றா? தொடக்கத்தில் டம்மி ஸ்கேன் எத்தனை? காந்த நிலை சமன்படும் வரை எடுத்து ஒதுக்கும் படங்கள் இவை. அவற்றுக்கும் ட்ரிகர் வருமா, அவை கோப்பில் சேமிக்கப்படுமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இதன் பதில் தெரியாமல் எடுத்த தரவைப் பிற்பாடு சரிசெய்வது பெரும்பாடு.

கடைசியாகத் திரை: தெளிவுத்திறன் என்ன, புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸா, கேபிள் எச்.டி.எம்.ஐயா வி.ஜி.ஏவா, கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது படம் இடவலமாகப் புரண்டு தெரியுமா? புரளும் என்றால் தமிழ்ச் சொல் வலமிருந்து இடமாகத் தெரியும். சோதனையை ஓட்டும் உங்கள் நிரலில், அதாவது ஸ்கிரிப்டிலேயே, புரட்டிக் காட்ட வழி செய்து வையுங்கள்.

2. ஆவணங்கள்

எந்தக் கல்லூரியில் இருந்தாலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒருவரையும் ஸ்கேனருக்குள் அனுப்பக் கூடாது. ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்தான் அடிப்படை. உங்கள் கல்லூரியில் குழு இல்லாவிட்டால், வேறு நிறுவனத்தின் பதிவுபெற்ற குழுவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு விண்ணப்பிக்கலாம். ஸ்கேன் நடக்கும் மருத்துவமனையும் தன் குழுவின் ஒப்புதலைக் கேட்கும். இரண்டுக்கும் ஒரே ஆய்வுத் திட்டத்தைக் கொடுங்கள்; ஒன்றில் 30 பேர், இன்னொன்றில் 40 பேர் என்று இருந்தால் அதிலேயே ஒரு மாதம் போய்விடும்.

ஒப்புதல் படிவம் தமிழில், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் நடையில் இருக்கட்டும். 'காந்தப்புலம்' என்று மட்டும் எழுதாமல், 'பெரிய குழாய்க்குள்ள படுக்கணும், சத்தம் பலமா கேக்கும், ஊசி கிடையாது, எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்' என்பதைச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைத்தால், ஆய்வில் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். மூளையில் எதிர்பாராத கட்டியோ வேறெதுவோ தென்பட்டால் யார் பார்ப்பார், யார் சொல்வார், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார் என்பதையும் படிவத்திலேயே எழுதுங்கள். குழுவும் இதைக் கட்டாயம் கேட்கும்.

ஏர்வாடிப் பகுதியில் தங்கியிருக்கும் மனநோய் உள்ளவர்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவைப் படித்துவிட்டு இறங்குங்கள். சம்மதம் தர இயலாத நிலையில் உள்ளவரை ஆய்வில் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும். கூட வந்த உறவினரின் கையெழுத்து மட்டும் போதாது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஆய்வை இவர்களிடம் செய்யாமல் இருப்பதே நல்லது.

அடுத்து உலோகச் சோதனைப் படிவம். மையம் ஒரு படிவம் தரும். ஆனால் அது நம் கரைக்கு எழுதப்பட்டதல்ல. இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அரைஞாண் கொடி, தாயத்து, மெட்டி, மூக்குத்தி, தாலி, கருகமணி, காப்பு, பச்சை குத்தியது. சதையில் உடைந்து தங்கிய தூண்டில் முள். படகு கட்டும் இடத்தில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவரானால் கண்ணில் இரும்புத் துகள். சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழி எக்ஸ்ரே. கடலில் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவரானால் உடம்பில் துணுக்கு. இதை நேரடியாக, மரியாதையோடு கேளுங்கள். கேட்காவிட்டால் அவராகச் சொல்ல மாட்டார்.

இந்தச் சோதனையை ஊரிலேயே, கிளம்புவதற்கு முந்தின வாரம் முடியுங்கள். பல வருடம் கழற்றாத மெட்டி விரலில் இறுகியிருக்கும். மூக்குத்தியின் திருகு துருப்பிடித்து நிற்கும். நகை ஆசாரியிடம் போய்த்தான் கழற்ற வேண்டிவரும். தாலிக் கொடியைக் கழற்ற வேண்டும் என்பதை ஸ்கேன் அறை வாசலில் வைத்துச் சொல்லக் கூடாது. முன்கூட்டிச் சொன்னால் வீட்டில் பேசி, அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். கண்ணாடி போடுபவரின் பவரையும் குறித்துக்கொள்ளுங்கள். உலோக ஃபிரேம் உள்ளே போகாது. மையத்தில் பிளாஸ்டிக் ஃபிரேம் இருக்கிறதா என்று முன்பே கேட்க வேண்டும்.

3. நாள் குறிப்பது, செலவுக் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருக்கும் காலம் அதுதான். அதைப் பிடிக்க வேண்டுமானால் நெறிமுறை விண்ணப்பம் முந்தின நவம்பருக்குள் போயிருக்க வேண்டும். குழு மாதக்கணக்கில் ஒருமுறை கூடும், ஒரு முறையாவது திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மற்ற மாதங்களில் ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு மறுநாள் காலை கரை ஏறுபவரை அன்றைக்கே படுக்க வைத்தால் ஸ்கேனருக்குள் தூங்கிவிடுவார். வியாழன் காலை திரும்பி வந்தவருக்கு வெள்ளிதான் தெளிவான நாள். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர் என்றால் அதற்கேற்ப நேரம் குறியுங்கள். கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களைக் கேட்காமல் தேதி வைக்காதீர்கள்.

மையம் காலை 8 மணி என்றால் மறுத்துவிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து வருபவர் விடிவதற்கு வெகுமுன்பே கிளம்ப வேண்டிவரும். ஆய்வுக்குப் பெரும்பாலும் நோயாளிகள் முடிந்த பிறகு, சாயந்திரம்தான் நேரம் தருவார்கள். அப்படியானால் இரவு தங்கும் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள். கூலி இழப்புக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்பது நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட தொகையாக இருக்க வேண்டும். அதோடு துணைக்கு வருபவர் ஒருவர், இரண்டு வேளைச் சாப்பாடு.

ஸ்கேன் கட்டணம் பேசும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள். மணிக்கணக்கா, ஆள் கணக்கா? கேபிள் மாட்டி ட்ரிகர் பார்க்கும் அரைமணி நேரமும் கட்டணத்தில் வருமா? ஆளுக்குப் பதில் ஃபாண்டம் (சோதனைக்கான திரவக் குடுவை) வைத்து ஓட்டிப் பார்க்கக் குறைந்த கட்டணம் உண்டா? ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் தனியா? அன்றைக்கு அவசர நோயாளி வந்து நம் நேரம் தள்ளிப்போனால் பணம் என்ன ஆகும்? ஃபாண்டமுக்கு ஒருமுறை அரைமணி நேரம் வாங்குவதைச் செலவாக நினைக்காதீர்கள். உங்கள் பட்ஜெட்டில் மிகப் பயனுள்ள பணம் அதுதான்.

4. மென்பொருள் தேர்வு

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை சைக்கோபை. இலவசம், திறமூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பில்டர் என்ற வரைபட முறையும் உண்டு. ஓபன்செசமியும் இலவசம்தான். சைக்டூல்பாக்ஸ் நேரத் துல்லியத்தில் மிக நல்லது, ஆனால் மேட்லேப் அல்லது ஆக்டேவ் தெரிந்திருக்க வேண்டும். அதன் அண்மைப் பதிப்புகளுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் கட்டண உரிமம் வந்துவிட்டது. பிரெசென்டேஷன், ஈ-பிரைம் இரண்டும் கட்டணம். மையத்தின் கணினியில் ஏற்கெனவே உரிமத்தோடு இருந்து, சொல்லித்தர ஆளும் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

எதை எடுத்தாலும் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். ஆய்வு முடியும் வரை மேம்படுத்தக் கூடாது. மையத்துக் கணினியில் வேறு பதிப்பு இருந்தால் அங்கே ஓட்டாதீர்கள், உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். போகும் முன் விண்டோஸ் அப்டேட், தூக்க நிலை, அறிவிப்புகள், தானாக ஓடும் வைரஸ் சோதனை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு கண்ணிகள் தமிழர்களுக்கென்றே இருக்கின்றன. ஒன்று, தமிழ்99 போன்ற தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால் ரெஸ்பான்ஸ் பாக்ஸ் அனுப்பும் ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்தாக மாறி, ஸ்கிரிப்ட் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போகலாம். ஸ்கேன் லேப்டாப்பில் ஆங்கில விசைப்பலகை மட்டும் வைத்து மற்றதை நீக்கிவிடுங்கள். இன்னொன்று, திரையில் தமிழ். இந்த மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' போன்ற எழுத்துகள் உடைந்து வரக்கூடும். உங்கள் கணினியில் சரியாக வந்து அங்கே உடையவும் செய்யும். இதற்கு நிச்சயமான தீர்வு, சொற்களை முன்கூட்டியே படக் கோப்புகளாக்கி, எழுத்தாக இல்லாமல் படமாகக் காட்டுவது. ஒரே அளவு, ஒரே எழுத்துரு, ஒரே பின்னணி. எல்லாப் படங்களையும் ட்ரிகருக்குக் காத்திருப்பதற்கு முன்பே நினைவகத்தில் ஏற்றிவிடுங்கள். நடுவில் ஏற்றினால் திரை ஃபிரேம் (ஒரு திரைப் புதுப்பிப்பு) தவறும்.

5. ஸ்கிரிப்டில் நேரம்

ஸ்கிரிப்ட் தொடங்கியதும் 'காத்திருக்கவும்' என்ற திரை வர வேண்டும். அதற்குள் வந்து சேர்ந்த விசைகளை எல்லாம் அழித்துவிட்டு, புதிதாக வரும் முதல் '5'க்குக் காத்திருக்க வேண்டும். பில்டரில் இதற்கு ஒரு கீபோர்ட் கூறு போதும்: '5' மட்டும் அனுமதி, பழைய விசைகளை ஒதுக்கு, வந்ததும் ரொட்டீனை (பில்டரில் சோதனையின் ஒரு கட்டத்தை) முடி. அடுத்த வரியிலேயே கடிகாரத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். விசைப்பலகையின் வலப்புற எண்பகுதியில் உள்ள 5 வேறு பெயரில் பதிவாகும் என்பதை மறக்காதீர்கள். வீட்டில் அதை அழுத்திப் பார்த்துவிட்டு ட்ரிகர் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

அடுத்து சறுக்கல். ஒரு டிரையல் (ஒரு படத்தைக் காட்டிப் பதில் வாங்கும் ஒரு சுற்று) 3 நொடி என்று வைத்து, அது முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கச் சொன்னால், ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிரேம் கூடுதலாகப் போகலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. 100 டிரையலில் 1.67 நொடி. டி.ஆர் 2 நொடி என்றால், கடைசி டிரையல் கிட்டத்தட்ட ஒரு முழு வால்யூம் (ஒரு முழு மூளைப் படம்) தள்ளி விழுகிறது. ஆகவே ஒவ்வொரு தொடக்க நேரத்தையும் முதல் ட்ரிகரிலிருந்து முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாக வைத்து, அந்த நேரம் வரும்வரை காத்திருந்து காட்டுங்கள். அப்போது ஒரு டிரையலின் தாமதம் அடுத்ததற்குப் போகாது. பில்டரில் ஒரு ரொட்டீனுக்கு நிச்சயமான கால அளவு இருந்தால் அது பச்சையாகத் தெரியும், சறுக்கல் தானாகவே ஈடுகட்டப்படும். சிவப்பாக இருந்தால் ஈடுகட்டப்படாது. பதில் வாங்கும் கீபோர்டில் 'விசை அழுத்தியதும் ரொட்டீனை முடி' என்ற தேர்வை நீக்காமல் விடுவதுதான் சிவப்புக்கு வழக்கமான காரணம். ட்ரிகர் காத்திருப்பைத் தவிர மற்ற எல்லாம் பச்சையாகும் வரை விடாதீர்கள்.

ஒவ்வொரு டிரையலுக்கும் ஒரு ட்ரிகருக்காகக் காத்திருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நடுவில் ஒரு துடிப்பு தவறினாலும் முழு ரன்னும் (ஸ்கேனர் ஒருமுறை தொடர்ந்து ஓடும் பகுதி) ஒரு படி தள்ளிப்போகும். முதல் ட்ரிகரில் தொடங்குங்கள். பிறகு வரும் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி மட்டும் வையுங்கள். அந்தப் பட்டியல் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

ரன் நீளக் கணக்கு ஒன்று: டி.ஆர் 2 நொடி, 240 வால்யூம், மொத்தம் 480 நொடி. தொடக்கத்தில் 10 நொடி வெறும் திரை, 12 நொடி வீதம் 38 டிரையல் (456 நொடி), கடைசியில் 14 நொடி வெறும் திரை. கடைசி வெறும் திரையைக் குறைக்காதீர்கள். மூளையில் ரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தைத் தொடவே 5, 6 நொடி ஆகும், இறங்க இன்னும் நேரம் வேண்டும். ஸ்கேனர் முன்னால் நின்றுவிட்டால் கடைசி டிரையல்கள் வீண்.

சங்கு குளிப்பவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் வைத்து ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, மூளை முழுவதும் சிக்னல் மாறும். கவனமாக ஒன்றைச் செய்யும்போது தன்னை அறியாமல் மூச்சடக்கும் பழக்கம் உள்ளவரிடம் அந்த மாற்றம் உங்கள் டிரையலோடு சேர்ந்தே வந்து, அது சிந்தனையின் விளைவு போலத் தெரியும். 'அண்ணே, மூச்ச அடக்காம சாதாரணமா விடுங்க' என்று ஒவ்வொரு ரன்னுக்கு முன்பும் சொல்லுங்கள். மூச்சுப் பட்டையும் விரல் துடிப்புக் கருவியும் மையத்தில் இருந்தால் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள்.

6. வீட்டில் போலி ஸ்கேனர்

முதல் கட்டம் மென்பொருளுக்குள்ளேயே. சைக்கோபையில் லாஞ்ச்ஸ்கேன் என்ற வசதி இருக்கிறது. டி.ஆர், வால்யூம் எண்ணிக்கை, ட்ரிகர் விசை கொடுத்தால் சோதனை முறையில் அதுவே ட்ரிகர் அனுப்பும். ஸ்கிரிப்டில் தர்க்கப் பிழை இருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் உண்மையான யு.எஸ்.பி வழியை இது சோதிக்காது.

அதற்கு ஒரு அர்டுயினோ லியோனார்டோ (நிரலேற்றக்கூடிய சிறு மின்னணுப் பலகை) வாங்குங்கள், அல்லது அதே ஏடிமெகா32யு4 சிப் உள்ள புரோ மைக்ரோ. நகல் பலகைகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அர்டுயினோ ஊனோ ஆர்3 வாங்கிவிடாதீர்கள். அது அப்படியே விசைப்பலகையாக நடிக்காது. லியோனார்டோவை விசைப்பலகை நூலகத்தோடு எழுதி, 2 நொடிக்கு ஒருமுறை '5' அனுப்பச் சொல்லுங்கள். அதே கணத்தில் பலகையில் உள்ள எல்.ஈ.டி எரியட்டும். 'இவ்வளவு நேரம் நில்' என்ற கட்டளையால் இடைவெளி வைத்தால் அனுப்பும் நேரமும் சேர்ந்து இடைவெளி நீண்டுகொண்டே போகும். மைக்ரோநொடிக் கடிகாரத்தைப் படித்து அடுத்த நேரம் வந்ததா என்று பாருங்கள். கட்டாயம் ஒரு தொடக்கப் பொத்தான் வையுங்கள். இல்லாவிட்டால் பலகையைச் செருகியதுமே '5' தட்டத் தொடங்கி, நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே 5555 என்று எழுதித் தள்ளும். மறுபடி நிரலேற்றவே சிரமமாகிவிடும்.

இனி நேரத்தை அளப்பது. நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்கும் கைபேசி போதும். ஒரு ஃபிரேம் 4.17 மில்லிநொடி. சில கைபேசிகள் 240 என்று சொல்லிவிட்டு இடையில் ஃபிரேம்களைத் தாங்களே நிரப்பும். ஆகவே முதலில் எல்.ஈ.டியைச் சரியாக 100 மில்லிநொடி எரியவிட்டுப் படமெடுத்து எண்ணுங்கள். 24 ஃபிரேம் வந்தால் நம்பலாம். பிறகு எல்.ஈ.டியைத் திரையின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஒட்டி, இரண்டும் தெரியும்படி படமெடுத்து, எல்.ஈ.டி எரிந்த ஃபிரேமிலிருந்து திரை மாறிய ஃபிரேம் வரை எண்ணுங்கள். இருபது முறை செய்து பாருங்கள். தாமதம் 30 மில்லிநொடியோ 45 மில்லிநொடியோ, எல்லா முறையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எஃப்.எம்.ஆர்.ஐக்குப் போதும். ஒருமுறை 20, அடுத்த முறை 90 என்று ஆடினால் எங்கோ கோளாறு. பெரும்பாலும் காரணம் திரையை 'நகல்' முறையில் வைத்திருப்பது. இரண்டு திரையின் வீதமும் ஒன்றாக இல்லாதபோது மென்பொருள் எதை நம்புவது என்று தெரியாமல் போகும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களிலும் இதே ஆட்டம் வரும்.

இ.இ.ஜி (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவது) செய்பவர்களுக்கு இந்த அளவு போதாது. அங்கே மில்லிநொடிக் கணக்கு. திரையில் ஒளி உணரி ஒட்டி, அதையும் ஒரு சேனலாகப் பதிந்தே ஆக வேண்டும். பேரலல் போர்ட் வழியாக அனுப்பும் நிகழ்வுக் குறி 1 முதல் 255 வரை. அனுப்பிய பின் 0க்குத் திரும்ப வேண்டும். 500 ஹெர்ட்ஸ் பதிவில் ஒரு மாதிரி 2 மில்லிநொடி, ஆகவே குறி அதைவிட நீளமாக, 5 முதல் 10 மில்லிநொடி நிற்க வேண்டும்.

எல்லாம் ஓடிய பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். காத்திருக்கும் திரை வருவதற்கு முன் '5' அனுப்புங்கள். ட்ரிகர் வரும் கணத்திலேயே பதில் பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் பதிவாக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தியபடியே வைத்திருங்கள். டி.ஆரை 0.8 நொடி ஆக்குங்கள். ஓடும்போது நடுவில் பலகையைப் பிடுங்குங்கள், அதுவரை வந்த தரவு கோப்பில் இருக்க வேண்டும்.

கேபிள்களையும் பலகையையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நம் உப்புக்காற்றில் யு.எஸ்.பி முனைகள் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டுவிட்டு வரும். ட்ரிகர் இடையிடையே தவறுவதற்கு அதுவே காரணமாகலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள்.

7. ஸ்கேன் அன்று

ஒரு மணி நேரத்தில் உடை மாற்ற, உலோகச் சோதனையை மறுபடி செய்ய 10 நிமிடம், படுக்கவைக்க 10 நிமிடம். அமைவுப் படங்களுக்கும் (தலை இருக்கும் இடத்தைப் பார்க்கும் முதல் படங்கள்) உடற்கூற்றுப் படத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 நிமிடம். 8 நிமிட ரன் இரண்டு. மிச்சம் இருப்பது சொற்பம், அதில் பிழை தேட நேரம் கிடையாது.

ஆள் உள்ளே போகும் முன் நோட்பேட் திறந்து வைத்து, டெக்னீஷியனை 10 வால்யூம் ஓட்டச் சொல்லுங்கள். பத்து '5' விழுந்தால் சரி. நூற்றுக்கணக்கில் கொட்டினால் ட்ரிகர் ஸ்லைஸுக்கு ஒன்றாக வருகிறது. பெட்டியின் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிள், அல்லது அந்த சீக்வென்ஸில் ட்ரிகர் அணைக்கப்பட்டிருக்கிறது. பிறகு நோட்பேடை மூடிவிடுங்கள். ஸ்கிரிப்ட் திறந்திருக்கும்போது வேறு எந்தச் சாளரத்தையும் தொடக் கூடாது, ட்ரிகர் அந்தச் சாளரத்துக்குள் போய்விடும்.

வரிசை முக்கியம். அமைவுப் படங்களின்போதும் சில இயந்திரங்கள் ட்ரிகர் அனுப்பும். ஆகவே சீக்வென்ஸ் தயாராகி, ஸ்டார்ட் மட்டும் பாக்கி என்று டெக்னீஷியன் சொன்ன பிறகே ஸ்கிரிப்டைக் காத்திருக்கும் திரைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பவரிடம் பேசி, எச்சரிக்கைப் பந்து (நிறுத்தச் சொல்ல அழுத்துவது) கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகுதான் 'சார், காத்திருக்குது, ஸ்டார்ட் பண்ணுங்க'. முதல் படம் திரையில் வந்ததும் டெக்னீஷியனின் வால்யூம் எண்ணிக்கையையும் உங்கள் திரையின் எண்ணிக்கையையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ரன் இடையில் நின்றுபோனால் அதே கோப்பில் தொடராதீர்கள். புதிய ரன் எண் கொடுத்து முதலிலிருந்து ஓட்டுங்கள். நின்ற ரன்னின் கோப்பை அழிக்காமல், நின்ற காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

8. அறையை விட்டு வருவதற்கு முன்

ஒவ்வொரு ரன் முடிந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். ட்ரிகர் எண்ணிக்கை 240 இருக்கிறதா? முதல் ட்ரிகருக்கும் கடைசி ட்ரிகருக்கும் இடைவெளி 239 × 2 = 478 நொடி வருகிறதா? சில பத்து மில்லிநொடி வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். இரண்டு கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அரை நொடிக்கு மேல் போனால் டி.ஆர் நீங்கள் நினைத்தது அல்ல. கன்சோலில் போய்ப் பாருங்கள், 2000க்குப் பதில் 2010 என்று இருக்கலாம்.

தரவைப் பெயரில்லாமல், குறியீட்டு எண்ணோடுதான் பதிவு செய்யச் சொல்லுங்கள்; ஸ்கேனர் தரும் டைகாம் படக் கோப்பின் தலைப்பகுதியில் பெயர், வயது எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உடற்கூற்றுப் படத்தில் முகமே தெரியும் என்பதால், யாருக்காவது பகிர்வதற்கு முன் முகப்பகுதியை நீக்க வேண்டும். இரண்டு தனித்தனி டிஸ்கில் நகல் எடுங்கள், ஒன்று மதுரையிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். பஸ்ஸில் பை தொலைந்தாலும் தரவு இருக்கும்.

நிகழ்வுக் கோப்பை பிட்ஸ் (மூளைப் படத் தரவை அடுக்கும் பொது வடிவம்) முறையில் அன்றிரவே எழுதிவிடுங்கள்: தொடக்க நேரம், நீளம், டிரையல் வகை, தாவல் குறியால் பிரித்து, நொடிக் கணக்கில். தொடக்க நேரம் எப்போதும் கோப்பில் சேமிக்கப்பட்ட முதல் வால்யூமிலிருந்து எண்ணப்பட வேண்டும். டம்மி 4, அவற்றுக்கும் ட்ரிகர் வந்தது, ஆனால் கோப்பில் அவை இல்லை என்றால், உங்கள் ஒவ்வொரு நேரத்திலிருந்தும் 4 × 2 = 8 நொடி கழிக்க வேண்டும். ட்ரிகர் டம்மிக்குப் பிறகுதான் வந்தது என்றால் எதையும் கழிக்கக் கூடாது. மையம் அனுப்பிய மின்னஞ்சல் பதிலை ஆய்வுக் கோப்புறையில் இந்தக் கணக்கோடு சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பகுப்பாய்வு செய்பவர் நீங்களாகவே இருந்தாலும், எத்தனை நொடி கழித்தீர்கள், ஏன் கழித்தீர்கள் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள்.